மாப்பிள்ளை விசாரணை

1962 ஜூன் 25, திங்கள்

தண்ணீர் மோட்டார் மறுபடியும் படுத்துவிட்டது. காலையில் முப்பது பெண்கள் வாளியும் கையுமாகக் கிணற்றடியில் நிற்கிறார்கள். மெக்கானிக் "இதோ வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு இன்னும் வந்துகொண்டே இருக்கிறான். துவரம்பருப்பில் வண்டு. சமையற்காரி வண்டைப் பொறுக்காமல் என்னோடு வாயாடுகிறாள். இதற்கு நடுவில் மதராஸிலிருந்து ஓர் உத்தரவு. அடுத்த மாதம் கிராம சேவிகைப் பயிற்சி நிலையத்தில் நான் வகுப்பு எடுக்க வேண்டுமாம். தலைப்பு, "சமூகப்பணியின் அடிப்படைகளும் நம் நாட்டின் சமூகநல வரலாறும்". அடேயப்பா! பருப்பில் வண்டு பொறுக்க ஆள் இல்லாதவள் ஒரு நாட்டின் வரலாற்றைப் பொறுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும்.

மாலையில் ஒருவன் பெண் கேட்டு வந்தான். அது இங்கே புதிதில்லை. அனாதை ஆசிரமங்களிலும் சீர்திருத்தப் பள்ளிகளிலும் வளர்ந்து, வயது வந்து வெளியேறும் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, வேலையிலோ கல்யாணத்திலோ கரை சேர்ப்பதற்காக அரசாங்கம் இந்த இல்லத்தைத் தொடங்கியது. நான் கண்காணிப்பாளராக உறையூருக்கு வந்த புதிதில், சனிக்கிழமை சாயங்காலம் பெண்களைக் கூடத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். வந்தவன் சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி பார்ப்பான். முதல் வேலையாக அதை ஒழித்தேன். இப்போது மனு நேராக என்னிடம் வர வேண்டும். நானே அவன் வீட்டுக்குப் போய் வேலை, குடி, தாயாரின் நாக்கு எல்லாவற்றையும் விசாரிப்பேன். என் விசாரணையில் தேறியவன் எவனும் இதுவரை ஏமாற்றியதில்லை. தேறியவர்கள் குறைவு, அது வேறு விஷயம்.

இன்று வந்தவன் பெயர் தர்மலிங்கம். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். இடது கையில் இரண்டு விரல் இல்லை. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கையை நீட்டிக் காட்டி, "இதை மொதல்லயே பாத்துடுங்கம்மா" என்றான். யாராவது ஒரு பெண் என்று அவன் கேட்கவில்லை. அம்சவல்லி என்று பெயர் சொல்லிக் கேட்டான். பொருட்காட்சியில் நம் இல்லத்துக் கடையில் அவள் தைத்துக்கொண்டிருந்தபோது மிஷின் நின்றுவிட்டதாம். இவன் பெல்ட்டை மாட்டிக் கொடுத்தானாம்.

"இங்கே வந்து பெண்ணைப் பொறுக்கும் வழக்கம் இல்லை" என்றேன்.

"பொறுக்க வரலம்மா. அவங்களுக்கு என்னைப் புடிக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க, அது போதும்."

சரியான பதில்தான். அதனாலேயே எரிச்சலாக இருந்தது.

ஜூன் 27

அம்சாவிடம் சொன்னேன். வயது இருபத்தொன்று. பதினான்கு வயதில் இங்கே வந்தாள். தையல் வகுப்புக்கு உதவியாக இருக்கிறாள். காலையில் என் அறைக்குக் காபி கொண்டுவருவதும் அவள்தான். அது அவள் வேலை இல்லை, எப்படியோ வழக்கமாகிவிட்டது. என் ரவிக்கைகளை அவள்தான் தைக்கிறாள். எனக்குத் தலைவலி வந்தால் எனக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். மற்றப் பெண்களைவிட அவளை நான் வேறாக நடத்துவதில்லை என்பதைப் பதிவு செய்வதற்காகவே இதையெல்லாம் எழுதுகிறேன்.

"அந்த பெல்ட் மாட்டினவரா?" என்றாள். முகம் சிவந்துவிட்டது.

"ஞாபகம் இருக்கிறதா?"

"வெரல் இல்லாத கையாலயே மாட்டினார்மா. நான் பாக்கறேன்னு தெரிஞ்சதும் கையைப் பின்னால கட்டிக்கிட்டார்."

"அதற்கென்ன இப்போது?"

"ஒண்ணும் இல்லம்மா. எனக்குச் சம்மதம்."

மூச்சுவிடும் நேரத்தில் சம்மதம்! பட்டாணி வாங்குவதற்குக்கூட இதைவிட அதிகம் யோசிப்பார்கள். மதராஸில் படித்தபோது எங்கள் அமெரிக்க ஆசிரியை சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறது. உதவி தேடி வந்தவர் தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்ய வேண்டும். நாம் வழி காட்டலாம், தள்ளக் கூடாது. நான் தள்ளவில்லை. "நன்றாக யோசித்துச் சொல்" என்றேன், அவ்வளவுதான்.

ஜூன் 30

அம்சாவை மறுபடி கேட்டேன். யோசித்தாயிற்றாம். மெக்கானிக் வரவில்லை.

ஜூலை 4

வகுப்புக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தால் தலைகால் புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? அன்ன சத்திரத்திலிருந்தா, பஞ்சகாலத்துக் கஞ்சித் தொட்டியிலிருந்தா? பாதிரிமார்களின் பள்ளிகள், விதவைகளுக்காகப் போராடிய பெரியவர்கள், சுதந்திரம், ஐந்தாண்டுத் திட்டம், சமூகநல வாரியம் என்று எல்லாம் வரிசையாக வருகிறது. ஒன்றிலிருந்து அடுத்தது எப்படி வந்தது என்பதுதான் வரவில்லை.

அம்சாவைக் கூப்பிட்டு, தையல் உதவி ஆசிரியை என்று நிரந்தர வேலைக்கு அவள் பெயரை எழுதி அனுப்பலாம் என்றிருக்கிறேன் என்றேன். இங்கேயே தங்கலாம், அறையும் உண்டு. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"கல்யாணம் ஆனாலும் அந்த வேலைக்கு வரலாமாம்மா?" என்று கேட்டாள்.

இங்கேயே தங்குகிறவர்களுக்குத்தான் அந்த வேலை என்றேன். உண்மையில் அப்படி விதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாலையில் தர்மலிங்கம் மறுபடி வந்தான். ஆனிக்குள் முகூர்த்தம் வைத்தால் நல்லது, ஆடி வந்துவிட்டால் ஆவணி வரை காத்திருக்க வேண்டும் என்கிறாளாம் அவன் அம்மா. அரசாங்கக் காரியம் பஞ்சாங்கத்துக்கு ஓடாது என்றேன். அவன் போகாமல் நின்றான்.

"அம்மா, ஒரு வேண்டுகோள். எங்க தெருவுல பொண்ணு தூரத்துச் சொந்தம்னு சொல்லி வெச்சிருக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல, எங்கம்மாவுக்குத்தான் அக்கம்பக்கத்து வாய்க்குப் பயம். அப்பா போனதுலேர்ந்தே அப்படித்தான். நீங்க வர்றப்ப தனியா, நேரா வீட்டுக்குள்ள வந்துடுங்க. உள்ள உக்காந்து என்ன வேணாலும் கேளுங்க, எத்தனை நேரம் வேணாலும் கேளுங்க."

பொய்யில் தொடங்கும் கல்யாணம் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சரி என்றேன். சரி என்றேனா? தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 8, ஞாயிறு

பொன்மலைக்குப் போய் விசாரணையை முடித்தேன். பியூன் சவரிமுத்துவையும் வரச் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையை விட்டுவிட்டு வந்தான், பாவம். உடுப்பு போட்டுக்கொண்டு வா என்றேன். காக்கிச் சட்டை, மார்பில் குறுக்கே சிவப்பு டவாலிப் பட்டை, அதில் சர்க்கார் பித்தளை வில்லை. வெயில் அதிகம். ரயில்வே குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும், வழி தவறிவிடும். அதனால்தான் அழைத்துப்போனேன்.

தெருமுனைக் குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். குழாயடியில் கேட்டால்தான் உண்மை வரும் என்பது என் அனுபவம். வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டால் கேசரிதான் வரும். தர்மலிங்கம் குடிப்பானா, சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறானா, தாயார் எப்படி என்று கேட்டேன். நல்ல பையன், தங்கமான பையன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒருத்தி டவாலியைப் பார்த்துவிட்டு, "கோர்ட்டுலேர்ந்து வர்றீங்களா?" என்றாள். இல்லை, பெண்கள் இல்லத்திலிருந்து என்று உள்ளதைச் சொன்னேன்.

"ஐயே! தூரத்துச் சொந்தம்னுல்ல சொன்னா சிவபாக்கியம்! இல்லத்துப் பொண்ணா?"

இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்து பார்த்தால், நாலு வீடு தள்ளி வாசலில் தர்மலிங்கத்தின் அம்மா நிற்கிறாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். எங்களை உள்ளே கூட்டிப்போய்ப் பாயைப் போட்டாள். கேசரி செய்திருந்தாள், அதைத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"தனியா வருவீங்கன்னு பையன் சொன்னான்" என்றாள். தர்மலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீடு சுத்தம். கூரை ஒழுகாது. குழாய் பக்கத்தில். விசாரணையில் ஒரு குறையும் இல்லை.

ஜூலை 10

தர்மலிங்கம் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா சாப்பிட மாட்டேங்கறாங்க. வாசப்பக்கம் வர்றதே இல்ல. தண்ணி புடிக்க நான்தான் போறேன்."

"நீங்கள் என்ன முடிவு செய்திருக்கிறீர்கள்?"

"அவங்களை இப்படி உக்கார வெச்சுட்டு நான் எப்படிம்மா... அம்சவல்லிகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

அவன் போன பிறகு அப்பாடா என்று இருந்தது. ஒரு வேலை முடிந்தால் அப்படித்தானே இருக்கும். ஆனால் மாலைவரை எந்த வேலையும் ஓடவில்லை. பருப்பை நானே உட்கார்ந்து பொறுக்கினேன்.

ஜூலை 11

அம்சாவிடம் சொன்னேன். நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். "சரிம்மா" என்றாள். அழுவாள், சமாதானம் சொல்லலாம் என்று ஆயத்தமாக இருந்தேன். தைத்து முடித்த துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு பாவாடையை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

தாயார் வார்த்தைக்குப் பின்வாங்குகிறவன் உனக்கு எதற்கு, நல்லவேளை இப்போதே தெரிந்தது என்றேன். அதற்கும் சரிம்மா.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. புழுதிக் காற்று. மெக்கானிக் வந்தே வந்துவிட்டான்! குழாயில் தண்ணீர் கொட்டியதும் பெண்கள் கூச்சல் போட்டார்கள். அம்சா தையல் கூடத்தை விட்டு எழுந்து வரவில்லை. காபி வேளைக்கு வருகிறது, ருசியிலும் குறை இல்லை. அதைக் கொடுத்துவிட்டு முன்பெல்லாம் ஐந்து நிமிஷமாவது நின்று வம்பளப்பாள்.

சவரிமுத்து தபால் பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"என்னய்யா?"

"ஒண்ணும் இல்லீங்கம்மா. எப்பவும் மாப்பிள்ளை விசாரிக்கத் தனியாத்தானே போவீங்க. மண்ணச்சநல்லூருக்கு அவ்வளவு தூரம் தனியாத்தானே போனீங்க. அதான்..."

"அதான் என்ன?"

"ஒண்ணும் இல்லீங்க."

கூட வரச் சொன்னால் பூசை போச்சு என்று குறை, வராவிட்டால் இன்னொரு குறை. இவர்களைத் திருப்திப்படுத்த யாராலும் ஆகாது. கதவைச் சாத்திக்கொண்டு போ என்றேன்.

ஜூலை 24

முதல் வகுப்பு. நாற்பது பெண்கள், எல்லோரும் இருபது வயதுக்குள். கிராமத்துக்குப் போய்க் குழந்தை வளர்ப்பும் சத்துணவும் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள். நான் பயந்த அளவுக்கு மோசமாகப் போகவில்லை.

அந்தக் காலத்தில் சத்திரம் கட்டினவர்களும் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்களும் புண்ணியத்துக்காகச் செய்தார்கள் என்றேன். வாங்குகிறவன் யார், நாளைக்கு என்ன செய்வான் என்று அவர்கள் கேட்கவில்லை. பிறகு சீர்திருத்தக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் ஏன் இந்த நிலை என்று கேட்டார்கள். விதவைகளுக்கு இல்லம் வைத்தார்கள், பள்ளி வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்கார் இதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டது. இப்போது உதவி பெறுகிறவர் பிச்சை வாங்கவில்லை, தன் உரிமையை வாங்குகிறார் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

ஜெயசீலி என்று ஒரு பெண், இரட்டைப் பின்னல், எழுந்தாள். "மேடம், அந்த விதவை இல்லத்துல இருந்தவங்க எல்லாம் அப்புறம் என்ன ஆனாங்க?"

பலர் ஆசிரியை ஆனார்கள், சிலர் சமூகப்பணிக்கு வந்தார்கள், அடுத்த பகுதிக்குப் போகலாம் என்றேன்.

அவள் உட்காரவில்லை. "தர்மம் பண்ணினவங்களுக்குப் புண்ணியம் கெடைச்சுது. நமக்கு என்ன மேடம் கெடைக்குது?"

"சம்பளம்" என்றேன். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. நமக்கு என்ன கிடைக்கிறது? அதை வாங்கிக்கொண்டுதான் வேலை செய்கிறோமா? அது கிடைக்காமல் போகும்போது என்ன செய்கிறோம்? இரண்டாவது வகுப்புக்கு இன்னும் குறிப்பே எடுக்கவில்லை, இதில் இது வேறு.

ஜூலை 26

இரண்டாவது வகுப்பு. சமூகப்பணியின் அடிப்படைகள். ஒருவரை உள்ளபடி ஏற்றுக்கொள்ளுதல். அவர் சொன்ன ரகசியத்தைக் காத்தல். அவர் முடிவை அவரே எடுக்க விடுதல். நம் சொந்த விருப்பு வெறுப்பை ஒதுக்கி வைத்தல். ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதினேன். ரகசியம் என்று எழுதியபோது சாக்பீஸ் உடைந்துவிட்டது. ஜெயசீலி இன்று கேள்வி கேட்கவில்லை. தலைவலி என்று சொல்லி அரைமணி முன்னதாகவே கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பெண்களைக் காவிரிக்கு அழைத்துப்போனோம். புளியோதரை, தேங்காய்ச் சாதம், காதோலை கருகமணி எல்லாம். ஆற்றில் தண்ணீர் படிக்கட்டு முழுகப் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தலையை எண்ணினால் ஒன்று குறைகிறது. அம்சாவைக் காணோம்.

ஆற்றைப் பார்த்தேன். அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். சவரிமுத்து ஒரு படித்துறைக்கும் நான் ஒரு படித்துறைக்கும் ஓடினோம். அம்சா, அம்சா என்று நான் கத்தியதைச் சுற்றியிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். செருப்பு எங்கேயோ கழன்று போய்விட்டது. கடைசியில் ஒரு சின்னப்பெண்தான் அழுதுகொண்டே சொன்னாள். அம்சாக்கா பஸ் ஏறிப் பொன்மலைக்குப் போயிருக்கிறாள், யாரிடமும் சொல்லாதே என்றாள் என்று.

விளக்கு வைக்கும் நேரத்தில் இல்லத்துக்குத் தானே திரும்பி வந்தாள். அறைந்துவிடலாம் என்று கை வந்தது. அறையவில்லை. போய்ச் சாப்பிடு என்றேன்.

ஆகஸ்ட் 4

காலையில் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அனுமதி இல்லாமல் வெளியே போனால் இல்லத்தின் கமிட்டிக்கு எழுத வேண்டும். கமிட்டி இல்லத்தை விட்டே அனுப்பலாம். எல்லாம் அவளுக்கும் தெரியும்.

"அங்கே போய் என்ன செய்தாய்?"

"குழாயடியிலதாம்மா நின்னேன். தண்ணி வர்ற நேரம், எல்லாரும் இருந்தாங்க. நான்தான் அந்த இல்லத்துப் பொண்ணு, நல்லாப் பாத்துக்குங்கன்னு சொன்னேன். எனக்கு அப்பா அம்மா யாருன்னு தெரியாது, தையல் தெரியும், திருட்டு தெரியாதுன்னேன். அவர் அம்மா வாசலுக்கு வந்தாங்க. நான் உங்களுக்கு அவமானம்னா என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க, நான் போயிடறேன்னேன்."

"சொன்னாளா?"

"கையைப் புடிச்சு உள்ள இழுத்துட்டுப் போய் ஒரு சொம்பு தண்ணி குடுத்தாங்க. ஒண்ணும் சொல்லல. நான் குடிச்சுட்டு வந்துட்டேன்."

"யாரைக் கேட்டுப் போனாய்?"

"அவங்கவங்க வாழ்க்கையை அவங்கவங்கதான் முடிவு பண்ணணும்னு நீங்கதானே சொல்வீங்க."

அவள் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா? அவர் உங்ககிட்ட தனியா வாங்கன்னு சொல்லியிருந்தார்னு அவங்கம்மா சொன்னாங்க. அன்னிக்கு டவாலியோட போனது தெரியாம நடந்ததா, தெரிஞ்சே நடந்ததா?"

வெயில், வழி, விதி எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. "தெரியவில்லை" என்றேன். அது பொய் இல்லை. உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. உடுப்பு போட்டுக்கொண்டு வா என்று சொன்னவள் நான்தான். சொல்லும்போது மனதில் என்ன இருந்தது என்று தேடிப் பார்க்கிறேன், கையில் ஒன்றும் அகப்படவில்லை.

"நீ போய்விட்டால்..." என்று தொடங்கினேன்.

"போயிட்டா என்னம்மா?"

"தையல் வகுப்பை யார் பார்த்துக்கொள்வது?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். கமிட்டிக்கு நான் எதுவும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

சிவபாக்கியம் அம்மாள் வந்துவிட்டாள்! வெற்றிலை பாக்கு, பழம், பூ என்று இரண்டு தட்டு. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் யார் என்றால், குழாயடியில் பார்த்த அதே பெண்கள். வாயைப் பொத்திச் சிரித்தவளின் தலையில் பெரிய தட்டு.

"இவளுங்கதான் அன்னிக்குச் சிரிச்சவளுங்க. தட்டைத் தூக்கிக்கிட்டு வாங்கடின்னேன், வந்துட்டாளுங்க" என்றாள் சிவபாக்கியம். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் சிரித்தாள்.

"உங்கள் பையன் வரவில்லையா?" என்றேன்.

"வாசல்ல சைக்கிளைத் தொடைச்சுக்கிட்டு நிக்கறான். உள்ள வர வெக்கமாம். அம்மா, நான் ஊர் வாய்க்குப் பயந்து பயந்தே காலத்தை ஓட்டிட்டேன். இந்தப் பொண்ணு நடுத்தெருவுல நின்னு பேசிட்டுப் போகுது. அப்புறம் எனக்கு என்னத்துக்குப் பயம்? ஆவணியில வளர்பிறையில நாள் பாத்திருக்கு. உங்க விசாரணை முடிஞ்சுதா, இன்னும் பாக்கி இருக்கா?"

குத்திக் காட்டத்தான் கேட்டாள். கேட்கட்டும்.

"முடிந்தது" என்றேன். அம்சாவை அழைத்துவரச் சொன்னேன். அவள் வருவதற்குள் பக்கத்து அறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

செப்டம்பர் 6

கல்யாணம் நடந்தது. இங்கே கல்யாணம் என்றால் கமிட்டித் தலைவியும் அவர் கணவரும் பெண்ணைப் பெற்றவர்கள் இடத்தில் மனையில் உட்காருவது வழக்கம். பத்திரிகைக்குப் போட்டோ எடுப்பார்கள். தலைவி ஜரிகைப் புடவையில் கம்பீரமாகத் தாரை வார்த்துக் கொடுத்தார். அம்சாவின் பெயரை இரண்டு தடவை அம்புஜம் என்று சொன்னார். நான் அப்போது சமையற்கட்டில் சாம்பாருக்கு உப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே என்ன வேலை? கெட்டிமேளச் சத்தம் கேட்டதும் கரண்டியோடு வாசற்படிவரை வந்து எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன்.

கிளம்பும்போது இருவரும் என் காலில் விழுந்தார்கள். விதியைச் சொன்னேன். கல்யாணமான ஒரு மாதத்தில் ஒரு தடவை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இல்லத்திலிருந்து வந்து எப்படிக் குடித்தனம் செய்கிறாய் என்று பார்ப்போம், பயப்படாதே என்றேன்.

அம்சா என்னைத் தள்ளி அழைத்துப்போனாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"நீங்க விசாரணைக்கு வராதீங்கம்மா."

"என்ன?"

"விதிப்படி யாராவது வரணும்னா வேற யாரையாவது அனுப்புங்க. நீங்க வந்தா சும்மா வாங்க. என்னைப் பாக்கணும்னு தோணினா வாங்க. தோணலேன்னா வர வேண்டாம்."

என்ன திமிர்! ஏழு வருஷம் சோறு போட்ட இடத்துக்கு இதுவா மரியாதை என்று வாய்வரை வந்துவிட்டது. சோறு போட்டது சர்க்கார், நான் இல்லை என்றும் அப்போதே தோன்றியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது, போ என்றேன்.

செப்டம்பர் 20

காபியை இப்போது பாப்பாத்தி என்ற பெண் கொண்டுவருகிறாள். வேண்டாம், நானே கீழே வந்து குடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 5

பொன்மலை விசாரணைக்கு நாள் வந்துவிட்டது. தையல் ஆசிரியையை அனுப்பலாம். அவளுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது, நாலு பலகாரம் தின்றுவிட்டு வந்துவிடுவாள். நானே போனால் என்ன? கண்காணிப்பாளரை வராதே என்று சொல்ல அவள் யார்? இப்படியே காலை போயிற்று. பிறகு சவரிமுத்துவைக் கூப்பிட்டேன்.

"ஏனய்யா, ஒரு வீட்டுக்குச் சும்மா போனால் கையில் என்ன கொண்டுபோவார்கள்?"

"யாரு வீட்டுக்குங்கம்மா?"

"யார் வீடாக இருந்தால் உனக்கென்ன?"

"பூ, பழம், கொஞ்சம் இனிப்பு. பொண்ணு வீடுன்னா முறுக்கு, அதிரசம் ஏதாச்சும் பண்ணிட்டுப் போவாங்க" என்றான். பிறகு, "நான் வர வேண்டியதில்லீங்களே?" என்றான்.

சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

நாற்பத்திரண்டு வயதில் ஒரு பியூனிடம் போய் இதைக் கேட்கிறேன். என்ன செய்வது? பதினோரு வயதில் தலையை மழித்து, சித்தப்பா கொண்டுபோய் விதவை இல்லத்தில் விட்டார். அங்கே படிப்பு, அதன் பிறகு விடுதி, அதன் பிறகு இந்த இல்லம். நான் படியேறிய வீடுகள் எல்லாம் விசாரிக்கப் போன வீடுகள்தான். அங்கே யாரும் கையில் பழம் கொண்டுபோவதில்லை.

அக்டோபர் 7, ஞாயிறு

போனேன். தனியாகத்தான். சமையற்காரியிடம் முறுக்கு சுற்றச் சொன்னால் ஊரெல்லாம் சொல்லிவிடுவாள் என்று மெயின்கார்டு கேட் பக்கம் கடையில் வாங்கினேன். பூவும் வாங்கினேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கே கோமாளித்தனமாக இருந்தது. பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றும் இருந்தது.

குழாயடியில் அதே கூட்டம். குனிந்த தலை நிமிராமல் கடந்துவிடப் பார்த்தேன். விடுவார்களா?

"யாரு வேணும்மா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் பதில் உண்டு. பெயர், பதவி, எந்த இலாகா, என்ன காரியம். இன்று வாயைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. பூப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் இன்னொருத்தி அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஐய, அன்னிக்கு டவாலியோட வந்தாங்களே, அந்த சர்க்காரம்மாடி! மறுபடியும் என்ன விசாரணையோ!"

எல்லாக் குடமும் அப்படியே நின்றது. எனக்குக் காது சுட்டது. சிவபாக்கியம் கையில் முறத்தோடு வாசலுக்கு வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், பொட்டலங்களைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"விசாரணையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க சம்பந்தியம்மா. பொண்ணைப் பாக்க வந்திருக்காங்க. வழி விடுங்கடி!"

நான் மறுக்கவில்லை. மறுக்கத் தோன்றவே இல்லை. அம்சா ஈரக்கையோடு உள்ளேயிருந்து ஓடிவந்தாள். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "ஏன்மா இவ்வளவு எளைச்சுட்டீங்க?" என்றாள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. அந்தத் தெருவில், அத்தனை பேர் முன்னால், நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

சாப்பிட்டேன். பேசினோம். என்ன பேசினோம் என்று வரிசையாக நினைவில்லை. தர்மலிங்கம் என் மூக்குக் கண்ணாடியின் ஆணியை இறுக்கிக் கொடுத்தான். பஸ் ஏறும்வரை அம்சா கூட வந்தாள்.

நாளை கமிட்டிக்கு அறிக்கை எழுத வேண்டும். சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறானா, மாமியார் எப்படி நடத்துகிறாள், தனி அறை உண்டா என்று எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும். பெண் நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நான் எதையும் விசாரிக்கவே இல்லை.